கணக்கில் வராத வண்டிகள்

ராமலட்சுமி: அந்த மல்லி மூட்டை வண்டிக்குக் கோடு போட்டீகளா இல்லையா?

வீரபத்திரன்: போட்டாச்சு.

ராமலட்சுமி: நான் பார்க்கலையே.

வீரபத்திரன்: நீ திரும்பி வெத்தலை துப்புன நேரத்துல போட்டேன்.

ராமலட்சுமி: துப்புறதுக்குள்ளயா?

வீரபத்திரன்: ஒரு கோடு போட எம்புட்டு நேரமாகும்? நான் என்ன கோலமா போடுறேன்?

ராமலட்சுமி: எங்க, காட்டுங்க.

வீரபத்திரன்: இந்தா பாரு. நல்லாப் பாரு. ஏம்மா ராமலட்சுமி, ஏழு நாளா இந்தக் கேட்டு வாசல்ல உக்காந்துக்கிட்டு என் பென்சிலையே பார்க்குற. இருபத்தியாறு வருஷ சர்வீஸுல ரயில்வேகூட என்னைய இம்புட்டு வேவு பார்த்ததில்ல.

ராமலட்சுமி: பாலம் வந்தா ஒங்க கேட்டு போகும். கேட்டு போனா நீங்க குடியிருக்குற இந்த வீடு போகும். அப்படிப்பட்ட ஆளு கையில பென்சிலைக் குடுத்துட்டு, நான் வீட்டுல போயி நிம்மதியாத் தறி மிதிக்கவா?

வீரபத்திரன்: மெதுவாப் பேசு. மதுரை இன்ஸ்பெக்டர் சார் அந்தா மரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்திருக்காக.

ராமலட்சுமி: கேக்கட்டுமே. ஒரு வண்டியக் கொறைச்சு எழுதுனீகன்னு வைங்க, அவுக முன்னாடியே ஒங்க பச்சைக் கொடியப் பிடுங்கி எறிஞ்சிருவேன்.

வீரபத்திரன்: எறி. செவப்பு ஒண்ணு கைவசம் இருக்கு.

ராமலட்சுமி: இப்ப மொத்தம் என்ன ஆச்சு?

வீரபத்திரன்: மூவாயிரத்து எண்ணூத்தி எம்பத்தாறு.

ராமலட்சுமி: நாலாயிரத்துக்கு...

வீரபத்திரன்: நூத்திப் பதினாலு வேணும். ஆறு மணிக்குள்ள. ஆறு அடிச்சா ஏழாம் நாள் முடிஞ்சது, கணக்குப் பாரத்தை மூடி அவுக கையில குடுத்துருவேன். நாலாயிரம் இருந்தா இந்த எடத்துல பாலம். இல்லைன்னா ஃபைலு மானாமதுரைப் பக்கம் வேற கேட்டுக்குப் போயிரும்.

ராமலட்சுமி: போகாது. விடமாட்டேன்.

வீரபத்திரன்: விடாம இருக்கிறவுக வெள்ளிக்கிழமையை எப்படி விட்டீக? அன்னிக்கு மொத்தமே நூத்திப் பத்து வண்டி. மத்த நாளு அறுநூறுக்குக் கொறையல.

ராமலட்சுமி: வெள்ளிக்கிழமை அமாவாசை.

வீரபத்திரன்: அதைத்தான் கேக்குறேன். கணக்கெடுக்கத் தோதான வாரம் எதுன்னு ஆபீஸுல கேட்டதுக்கு, இந்த வாரம்னு சொன்னது ஒங்க தெருக்காரங்கதானே? காலண்டரைப் பார்க்கக் கூடாதா?

ராமலட்சுமி: பார்க்காமயா? சந்தை நாள் பார்த்தோம், பருத்தி எடுப்பு பார்த்தோம், கல்யாண முகூர்த்தம்கூடப் பார்த்தோம். அமாவாசையைப் பார்க்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. அன்னிக்கு எங்க ஆளுக தறியில கால் வைக்க மாட்டோம், நூலைத் தொட மாட்டோம், வண்டி பூட்ட மாட்டோம். பொறந்ததுல இருந்தே அப்படி. எங்க தெருவுல அதை யாரு நினைச்சுப் பார்த்துச் செய்றா? வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோடு காலியாக் கெடந்தப்பத்தான் எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டோம்.

வீரபத்திரன்: அடிச்சுக்கிட்டு, பெயிண்டுக் கடைக்குப் போனீக.

ராமலட்சுமி: ...என்ன பெயிண்டு?

வீரபத்திரன்: இப்ப தாண்டுதே, பச்சைக் கொம்பு. காலையில எட்டு மணிக்கு நீலக் கொம்போட போச்சு. பத்து மணிக்குச் செவப்பு.

ராமலட்சுமி: அது வேற மாடு.

வீரபத்திரன்: இடது காது கிழிஞ்ச மாடு ஊருக்கு எத்தனை இருக்கும்?

ராமலட்சுமி: இந்தக் கருவேல முள்ளுக்குள்ள மேஞ்சு காது கிழியாத மாடு எது? கேட்டைத் தாண்டுனா கோடு போடுறது ஒங்க வேலை. மாட்டுக்குச் சாதகம் பார்க்கவா சம்பளம் வாங்குறீக?

வீரபத்திரன்: போடாம இருந்தேனா? தாண்டுச்சு, போட்டேன். பெயிண்டு டப்பாவை மட்டும் கண்மாய்க் கரைக்கு அங்கிட்டு வைக்கச் சொல்லு. ஒங்க தெரு வண்டிக்காரன் திம்மையா முழங்கை வரைக்கும் பச்சையா இருக்கான். இன்ஸ்பெக்டர் கேட்டா கிளி வளர்க்குறான்னா சொல்லுவ?

ராமலட்சுமி: ...சிரிப்பு வருதோ ஒங்களுக்கு?

வீரபத்திரன்: இரு, போன் அடிக்குது... ஹலோ, கேட்டு... ஆமா சார்... திருச்சுழியில விட்டாச்சா? நம்பர் சொல்லுங்க... நாப்பத்தேழு. என் நம்பர் பன்னெண்டு... பூட்டுறேன் சார்.

ராமலட்சுமி: என்னவாம்?

வீரபத்திரன்: பாசஞ்சர் கெளம்பிருச்சு. தள்ளு, கேட்டைப் பூட்டணும்.

ராமலட்சுமி: இப்பவா? மணி என்ன?

வீரபத்திரன்: அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கு.

ராமலட்சுமி: இன்னும் எத்தனை கொறையுது?

வீரபத்திரன்: தொண்ணூத்தி ஆறு.

ராமலட்சுமி: ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்க. அந்தா எட்டு வண்டி வருது, அதை விட்டுட்டுப் பூட்டுங்க.

வீரபத்திரன்: நம்பர் குடுத்தாச்சு. குடுத்துட்டா ரயிலு தாண்டுற வரைக்கும் கேட்டைத் தொறக்கக் கூடாது.

ராமலட்சுமி: பொகைகூடத் தெரியலையே.

வீரபத்திரன்: பொகையைப் பார்த்துக் கேட்டு பூட்டுறதில்ல. தள்ளு தாயி, கையில இடிச்சிரும்... பூட்டியாச்சு.

ராமலட்சுமி: அன்னிக்கும் இதே வார்த்தைதான். நம்பர் குடுத்தாச்சு.

வீரபத்திரன்: அந்தப் பேச்சை இப்ப எடுக்காத.

ராமலட்சுமி: எப்ப எடுக்கணும்னு நீங்க சொல்ல வேணாம். எம்மக சௌடேஸ்வரி வண்டிக்குள்ள கத்திக்கிட்டுக் கெடந்தா. அங்கிட்டு ஆஸ்பத்திரி, இங்கிட்டு நாங்க, நடுவுல இந்த இரும்பு. கூட்ஸு வருது வருதுன்னு சொன்னீக. முக்கா மணி நேரமா அது வரவே இல்ல. ஒங்க கால்ல விழுந்தேன்.

வீரபத்திரன்: விழுந்த.

ராமலட்சுமி: தொறக்கல.

வீரபத்திரன்: தொறக்கல. தொறந்து, அந்த நேரம் பார்த்துக் கூட்ஸு வந்திருந்தா வண்டியோட அம்புட்டுப் பேரும்... அதை ஒங்கிட்ட நூறு தடவை சொல்ல வந்தேன். நீ கேக்குற நெலமையில இல்ல.

ராமலட்சுமி: ஆஸ்பத்திரி வாசல்ல புள்ளைய எடுத்தாக. ஆம்பளப் புள்ள. அழவே இல்ல.

வீரபத்திரன்: தெரியும்.

ராமலட்சுமி: என்ன தெரியும் ஒங்களுக்கு? மூணு வருஷமா எம்மக இந்தக் கேட்டுப் பக்கம் வர்றதில்ல. அருப்புக்கோட்டை போகணும்னா நாலு மைலு சுத்திக்கிட்டுப் போறா. அவளை ஒரு பாலத்து மேல ஏத்தி, நிக்காம கூட்டிட்டுப் போகணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்.

வீரபத்திரன்: ...இன்ஸ்பெக்டர் எந்திரிச்சு வர்றாக. வண்டி வரிசைக்கு நடுவுல.

ராமலட்சுமி: கொம்பைத் தொடுறாகளே...

சௌந்தரபாண்டியன்: வீரபத்திரன், இங்க வாங்க. என் விரலைப் பாருங்க.

வீரபத்திரன்: பச்சையா இருக்கு சார்.

சௌந்தரபாண்டியன்: இன்னும் காயலை. துடைச்சா அடியில செவப்பு, அதுக்கும் அடியில நீலம். ஓடிக்கிட்டு இருந்த வரைக்கும் எனக்குத் தெரியலை. கேட்டை மூடினதும் எல்லாம் வரிசையா நிக்குது, தெரிஞ்சுபோச்சு. இது எத்தனை வண்டி?

வீரபத்திரன்: சார், நான் தாண்டுனதைத்தான்...

ராமலட்சுமி: இருபத்திரண்டு வண்டிங்கய்யா, வண்டிக்குப் பதினாலு தடவை தாண்டுச்சு. அவருக்குச் சம்பந்தமில்ல. கண்மாய்க் கரைக்குப் போயி கொம்புக்கு வேற வர்ணம் அடிச்சுக்கிட்டுத் திரும்பி வரச் சொன்னது நான்.

சௌந்தரபாண்டியன்: எதுக்கும்மா இந்தப் பொய்க் கணக்கு?

ராமலட்சுமி: அமாவாசையன்னிக்கு எங்க தெரு ஓடல. ஒருநாள் ஓடாததை இன்னிக்கு ஓடித் தீர்த்தோம்.

சௌந்தரபாண்டியன்: அப்படியெல்லாம் தீர்க்க முடியாது. இன்னைக்கு இந்த இருபத்திரண்டு வண்டிக்கும் போக ஒண்ணு, வர ஒண்ணுதான் கணக்கு. மிச்சத்தை அடிக்கிறேன்... மூவாயிரத்து அறுநூத்தி நாற்பதுதான் வருது. நான் என்ன செய்ய? ஃபைலை மூடிட வேண்டியதுதான்.

ராமலட்சுமி: ஐயா...

வீரபத்திரன்: சார், ஒரு நிமிஷம் நில்லுங்க. இதைப் பார்த்துட்டு மூடுங்க.

சௌந்தரபாண்டியன்: என்ன நோட்டு இது? கேட் ரிஜிஸ்டர் மாதிரி இல்லையே.

வீரபத்திரன்: என் சொந்த நோட்டு. கேட்டு வரைக்கும் வந்து, நின்னு நின்னு பார்த்துட்டு, தாண்டாமலே திரும்பிப் போன வண்டிக இதுல இருக்கு. தேதி, நேரம், என்ன வண்டி, எந்த ஊரு. மூணு வருஷமா எழுதுறேன்.

சௌந்தரபாண்டியன்: யார் எழுதச் சொன்னது?

வீரபத்திரன்: யாரும் சொல்லல. இந்த ஏழு நாளுல மட்டும் ஐநூத்தி முப்பத்தெட்டு. பஸ்ஸு கேட்டுல நின்னதால எறங்கி நடந்தவுகளை நான் சேர்க்கல.

சௌந்தரபாண்டியன்: பாரத்துல தாண்டின வண்டிக்குத்தான் கட்டம் இருக்கு, வீரபத்திரன்.

வீரபத்திரன்: அதான் சார் என் கேள்வியும். தாண்டுறவனுக்கு இப்பவே வழி இருக்கு. தாண்ட முடியாதவனுக்குத்தானே பாலம்? அவனை எண்ணாம பாலம் வேணுமா வேணாமான்னு எப்படி முடிவு பண்ணுவீக? மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு மாட்டு வண்டி மூணு பதினெட்டுக்கு வந்து நின்னுச்சு. நாலு ஆறுக்குத் தாண்டுச்சு. ரிஜிஸ்டர்ல ஒரு வண்டின்னு ஒரே கோடு. வந்து நின்னப்ப அதுல ஒரு உயிரு கூடுதலா இருந்துச்சு சார். அதுக்கும் ஒங்க பாரத்துல கட்டம் இல்ல.

சௌந்தரபாண்டியன்: மூணு பதினெட்டு... நாலு ஆறு. இந்த நேரத்தை நான் எங்கேயோ... இருங்க. ஃபைல்ல இருக்கு. இந்தாங்க, மனு. மாசம் ஒண்ணு, மொத்தம் முப்பத்தொண்ணு. எல்லாம் டைப் அடிச்சது, எல்லாத்துலயும் இதே மூணு பதினெட்டு, நாலு ஆறு. அடியில மையில கையெழுத்து, ராமலட்சுமின்னு. நிமிஷம் பிசகாம இந்த நேரம் கேட் கீப்பருக்குத்தானே தெரியும்?

வீரபத்திரன்: சார்...

சௌந்தரபாண்டியன்: ரயில்வேல சம்பளம் வாங்கிக்கிட்டு, இன்னொருத்தர் பேர்ல கள்ளக் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினா என்ன ஆகும், தெரியும்ல? உங்க வேலை போகும். நீங்க எடுத்த கணக்கும் செல்லாது. இந்த நோட்டு உட்பட.

வீரபத்திரன்: ரயிலு வருது சார். கொடி காட்டிட்டு வந்து பதில் சொல்றேன்.

சௌந்தரபாண்டியன்: ...போங்க.

ராமலட்சுமி: ஐயா, அவரு வேலை போயிருமா?

சௌந்தரபாண்டியன்: அவர்தான் கையெழுத்துப் போட்டாருன்னா போகும். ஏழு நாளா நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், அந்த ஆளை நீங்க பேசாத பேச்சு இல்லை. அவருக்காக நீங்க ஏன் கவலைப்படுறீங்க?

ராமலட்சுமி: கவலை என்ன கவலை. பாலம் போயிருமேன்னு கேட்டேன்.

வீரபத்திரன்: வண்டி போயிருச்சு சார். கேட்டைத் தொறந்துட்டேன். இப்பக் கேளுங்க.

சௌந்தரபாண்டியன்: இந்தம்மா, உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?

வீரபத்திரன்: அவுகளை எதுக்கு சார் கேக்குறீக? என்னையக் கேளுங்க. அந்த மனுவெல்லாம்...

ராமலட்சுமி: கேட்டுக்காரரே, ஒங்களை யாரும் கேக்கல. பேனாவைக் குடுங்கய்யா.

வீரபத்திரன்: வேணாம் சார். நான் சொல்லிடுறேன். அந்தம்மாவுக்கு இதுல ஒண்ணும்...

ராமலட்சுமி: எங்க போடணும்?

சௌந்தரபாண்டியன்: இந்தத் தாள்ல. அடியில.

ராமலட்சுமி: ...இந்தாங்க.

சௌந்தரபாண்டியன்: மனுவைப் பக்கத்துல வைக்கிறேன்... முதல் எழுத்து இதேதான்... கடைசிச் சுழிகூட அப்படியே இருக்கு. உங்க கையெழுத்துதான்.

ராமலட்சுமி: என் பேருக்கு வேற யாரு போடுவா?

சௌந்தரபாண்டியன்: அந்த நிமிஷக் கணக்கு?

ராமலட்சுமி: பெத்த மக அப்படிக் கெடக்கும்போது கேட்டுக்கு முன்னாடி நின்னு பாருங்கய்யா. ஒவ்வொரு நிமிஷமும் தெரியும்.

சௌந்தரபாண்டியன்: ...சரி. வீரபத்திரன், அந்த நோட்டைக் குடுங்க. மூவாயிரத்து அறுநூத்தி நாற்பதுன்னு கட்டத்துல எழுதுறேன். குறிப்புல, நெசவாளர் விடுமுறை ஒரு நாள், கேட் மூடியிருந்ததால திரும்பிப் போன வண்டி ஐநூத்தி முப்பத்தெட்டு, சேர்த்துப் பார்த்தா நாலாயிரத்துக்கு மேல, பாலம் அவசியம்னு எழுதுறேன். மேல என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்.

வீரபத்திரன்: ஒத்துக்குவாகளா சார்?

சௌந்தரபாண்டியன்: ஒத்துக்க வைக்கணும். இந்தப் பாலத்தால நஷ்டம் வர்ற ஒரே ஆளு எடுத்த கணக்குன்னு சொல்லுவேன். அதுக்கு மேல எவன் சந்தேகப்படுவான்? உங்களுக்குத்தான் நரிக்குடிக்கு அங்கிட்டு ஏதாவது பொட்டல்ல வேற கேட் குடுப்பாங்க.

வீரபத்திரன்: போறேன் சார்.

சௌந்தரபாண்டியன்: நான் வரேன். அந்த மாடுகளைக் குளிப்பாட்டச் சொல்லுங்கம்மா.

ராமலட்சுமி: நல்லா இருங்கய்யா... ஏலே திம்மையா, வண்டிய வீட்டுக்கு ஓட்டு. திரும்பி வர வேணாம். எல்லாருக்கும் சொல்லிரு.

வீரபத்திரன்: ...அவுக ஜீப்பு வளைவுல திரும்பிருச்சு.

ராமலட்சுமி: ம்.

வீரபத்திரன்: சங்கத்துல நூல் வாங்குறப்ப நீ ரேகைதானே வைப்ப?

ராமலட்சுமி: இன்னைக்கும் அங்க ரேகைதான்.

வீரபத்திரன்: பெறகு இது எப்படி? ராமலட்சுமி, இனி மறைச்சு என்ன ஆகப்போகுது... அந்த முப்பத்தோரு மனுவும் நான் அனுப்புனது. அருப்புக்கோட்டையில போயி டைப் அடிச்சு, ஒம்பேரை நானே போட்டேன். என் பேருல அனுப்புனா கிழிச்சுப் போட்டிருப்பாக. ஒங்கிட்டச் சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல.

ராமலட்சுமி: தெரியும்.

வீரபத்திரன்: எப்பத் தெரியும்?

ராமலட்சுமி: மொத மனு போன மறு மாசமே. ஆபீஸு பேரு சரியா இல்லைன்னு என் வெலாசத்துக்கே திருப்பி அனுப்பிட்டாக. கஸ்தூரி டீச்சரு வாசிச்சுக் காட்டுச்சு. மூணு பதினெட்டு, நாலு ஆறுன்னு. எங்க வீட்டுல கடிகாரமே கெடையாது. வேற யாரு எழுதியிருப்பா?

வீரபத்திரன்: அப்ப ஏழு நாளா என்னைய அந்தத் திட்டுத் திட்டுனது?

ராமலட்சுமி: ஒங்களுக்கும் எனக்கும் ஆகவே ஆகாதுன்னு அவுக நம்பணும்ல? நம்புனாத்தானே ஒங்க பென்சிலை நம்புவாக. கொஞ்சம் நெசமாவும் திட்டுனேன்... அது வேற.

வீரபத்திரன்: என்னைய மன்னிச்சிட்டியா தாயி?

ராமலட்சுமி: இல்ல. இனியும் முடியுமான்னு தெரியல. மனசுல இருக்கிறதைச் சொல்றேன்.

வீரபத்திரன்: சரி... அதுவும் சரிதான். ஆனா அந்தக் கையெழுத்து?

ராமலட்சுமி: என்னிக்காவது ஒருத்தர் ஃபைலைத் தூக்கிட்டு வந்து, போட்டுக் காட்டுன்னு கேப்பாகன்னு தோணுச்சு. அன்னிக்கு நீங்க மாட்டுனா பாலமும் சேர்ந்து மாட்டும். அந்த மொத மனுவை அடுப்படியில வச்சுக்கிட்டு, தெனமும் தறிய விட்டு எறங்குன பெறகு தரையில கரியால எழுதிப் பார்ப்பேன். நீங்க போட்ட அதே சுழி என் கைக்கு வர ரெண்டு வருஷம் ஆச்சு, அண்ணே.